வராத நோய்க்குச் சான்றிதழ்

குழாய்க்காரர் தன் வாழ்நாளில் போட்டது ஒரே ஒரு மனு. அதில் பெருமைக்காகச் சேர்த்தது ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை மனுஷனைப் படுத்திய பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வரக்கூடாது.

விஷயம் என்னவோ சின்னதுதான். அவர் தெருவுக்கு வருகிற குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே முப்பதடி தூரம் போகிறது. அப்படிப் பதித்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அதில் ஓர் இணைப்பு விரிசல் விட்டிருந்தது. தண்ணீர் விடுகிற நேரத்தில் அந்த இடத்தில் வெளியே கசியும். நிறுத்திவிட்டால் காலியான குழாய் வெளியே இருப்பதை உள்ளே உறிஞ்சும். இப்போது சாக்கடை வற்றிக் கிடந்ததால் தெரு பிழைத்துக்கொண்டிருந்தது. மழை பிடித்தால் சாக்கடை எழும்பி இணைப்பு முழுகிவிடும். அதற்கப்புறம் தெருக்கோடியில் அவர் மகள் நடத்துகிற குழந்தைகள் காப்பகத்தில் குழாயைத் திறந்தால் என்ன வரும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே முப்பத்தொரு பிள்ளைகள். அதில் ஒன்று அவருடைய பேத்தி.

"காய்ச்சித்தான்பா குடுக்கறேன்," என்றாள் மகள். "ஆனா கை கழுவுற குழாயில வாயை வச்சு உறிஞ்சுதுங்களே! முப்பத்தொண்ணையும் நான் ஒருத்தி எப்படிப் பிடிச்சு நிறுத்தறது?"

குழாய்க்காரருக்கு அது ஒரு மணி நேர வேலை. ஆனால் தெருக்குழாய் என்பது அரசுத் துறையின் சொத்து. துறை அனுமதி இல்லாமல் அதன்மேல் கை வைத்தால் லைசென்ஸ் ரத்தாகும். முப்பது வருஷமாக அந்தக் குடும்பம் நிமிர்ந்து நிற்பதே அந்த லைசென்ஸை நம்பித்தான். ஆகவே முறைப்படி மனுப் போடுவது என்று முடிவாயிற்று. மகள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எழுதி முடித்து, "இப்படிக்கு, பைப்புக்காரன்" என்று போடப் போனபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பைப்புக்காரன்னு போட்டா குப்பையில போடுவாங்கப்பா. குழாய் வல்லுநர்னு போடு. அப்பத்தான் ஒரு மரியாதை."

போட்டார்.

மனு, குடிநீரையும் நோய்த்தடுப்பையும் கவனிக்கிற 'வருமுன் காப்பு'த் துறைக்குப் போயிற்று. அங்கே தட்டச்சரிடம் பதவிகளின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் 'குழாய் வல்லுநர்' என்று ஒரு பதவி கிடையாது. பட்டியலில் இல்லாதது உலகத்தில் இருக்க நியாயமில்லை. 'குழு ஆய்' என்பதைத்தான் யாரோ அவசரத்தில் சேர்த்து எழுதிவிட்டார்கள், ஒரு 'வு' வேறு விட்டுப்போயிருக்கிறது என்று அந்த நல்ல மனுஷன் நினைத்தார். விட்டுப்போனதைத் தன் பங்குக்குச் சேர்த்து, பிரித்து, அழகாக அடித்தார். 'குழு ஆய்வு வல்லுநர்.' மற்றதையெல்லாம் படிக்க அவருக்கு நேரமில்லை.

பத்தாம் நாள் பதில் வந்தது. குழு ஆய்வு வல்லுநராகிய தாங்கள், வருமுன் காப்பு ஆலோசனைக் குழுவின் பதினோராவது உறுப்பினருக்கான நேர்காணலுக்கு உரிய சாதனங்களுடனும் சான்றுகளுடனும் வரவும் என்றிருந்தது.

"பாத்தியா, ஒரே மனுவுல கூப்பிட்டுட்டாங்க," என்று குழாய்க்காரர் மனைவியிடம் கடிதத்தை ஆட்டிக் காட்டினார்.

"சாதனங்களுடன்னா என்னங்க?"

"ரென்ச்சு, ஹேக்ஸா பிளேடு எல்லாந்தான். வேற என்ன?"

வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

துறை நாலாவது மாடியில் இருந்தது. கீழே 'நடையே நலம், படியேறு, பல்லாண்டு வாழ்' என்று சுவர் முழுக்க எழுதியிருந்தது. அந்தச் சுவரில் சாய்ந்தபடி ஒரு கூட்டம் லிஃப்டுக்குக் காத்திருந்தது. முன்னால் நின்றவர் அந்த வாசகத்தை எழுதிய நடைப்பயிற்சி அறிஞர். குழுவில் ஏற்கெனவே ஒன்பதாவது உறுப்பினர். குழாய்க்காரர் பையோடு படியேறிப் போய், மேலே அரைமணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார்.

பிரிவு அதிகாரி குழாய்க்காரரைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். "வாங்க வாங்க! உங்களுக்காக ஆறு வருஷமா காத்துக்கிட்டிருக்கோம்."

"மனு போட்டு பத்து நாள்தாங்க ஆச்சு."

"அதைச் சொல்லலீங்க. இந்தக் குழுவுக்குப் பதினோரு பேர் வேணும். பதினோரு பேரும் சேராம கூடக்கூடாதுன்னு விதி. ஆறு வருஷமா ஆள் எடுக்கறோம். பதினோராவது ஆளைப் பிடிக்கறதுக்குள்ள மொதல் ஆளோட பதவிக்காலம் முடிஞ்சிடுது. போன வருஷம் பத்தரை வரைக்கும் வந்துட்டோம்."

"அதென்னங்க பத்தரை?"

"ஒருத்தர் அரைநாள்தான் வரமுடியும்னுட்டார்."

குழாய்க்காரர் மெதுவாகத் தன் தெருக் கதையை எடுத்தார். சாக்கடை, இணைப்பு, மழை, முப்பத்தொரு பிள்ளைகள் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி கண்ணை மூடி, தலையை ஆட்டி, ரசித்துக் கேட்டார்.

"அருமையான விஷயம். நோய் வர்றதுக்கு முன்னாடியே சொல்றீங்க. இந்த மாதிரி மனுவையெல்லாம் ஆலோசனைக் குழுதான் பரிந்துரைக்கணும்."

"குழு எப்பங்க கூடும்?"

"பதினோராவது ஆள் கிடைச்சதும்."

குழாய்க்காரரின் மூளை பள்ளிக்கூடத்தில் பேர் வாங்கினது இல்லைதான். ஆனால் தண்ணீர் எந்த இடத்தில் தடைப்படுகிறதோ அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அதற்குத் தெரியும். இங்கே அடைப்பு அந்தக் காலி நாற்காலியில் இருந்தது. "அப்ப நானே உக்காந்துடறேங்க," என்றார்.

அதிகாரி மகிழ்ந்துபோய் ஒரு தாளை நீட்டினார். படிவம் ஏழு. மேலே 'தடுத்த நோய்களின் விவரப் பட்டியல்' என்று இருந்தது. கீழே கட்டங்கள். தடுத்த நோயின் பெயர். நோய் வராதவரின் பெயர். நோய் வராத தேதி, நேரம். வராத நோய்க்கு ஆதாரம்.

"வராத நோய்க்கு எப்படிங்க ஆதாரம் காட்டறது?"

"வந்த நோய்க்கு யார் வேணா காட்டலாமே! வல்லுநர்னா வராததுக்குக் காட்டணும். கவலைப்படாதீங்க, காலியா விட்டுடுங்க. எல்லாரும் அப்படித்தான் விடுவாங்க. ஒரு நர்ஸம்மா மட்டும் முழுசா நிரப்பி, ஆதாரத்தோட வந்தாங்க. ஊரெல்லாம் தடுப்பூசி போட்டவங்க."

"அவங்களை எடுத்துக்கிட்டீங்களா?"

"எப்படி எடுக்கறது? அந்தக் கட்டத்தை எப்படிச் சரிபார்க்கறதுன்னு எங்களுக்கு விதியே இல்லையே! திருப்பி அனுப்பிட்டோம்."

இந்தச் சமயத்தில் பக்கத்துக் கழிவறைக் கதவைத் திறந்துகொண்டு கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி ஒருவர் வந்தார். கைகழுவல் பேராசிரியர். கைகழுவுவதைப் பற்றி நானூறு பக்கத்தில் நூல் எழுதியவர், குழுவில் பத்தாவது ஆள். "இந்தக் குழாய்ல இன்னிக்கும் தண்ணி இல்ல," என்றார் வருத்தமில்லாமல். "பரவாயில்ல. கொள்கை அளவுல கழுவியாச்சு."

குழாய்க்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. படிவத்தைப் பையில் திணித்துக்கொண்டு உள்ளே போனார். வாஷர் கல்லாகிப் போய், திருகு துருவேறிக் கிடந்தது. கால்மணி நேரத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, முதலில் எந்தக் கையை நீட்டுவது என்று யோசித்தார். பிரிவு அதிகாரி பதறியடித்து ஓடிவந்தார். "ஐயையோ, மூடுங்க சார்! தண்ணி வரலைன்னு ஆறு அறிக்கை மேல அனுப்பியிருக்கோம். இப்ப வந்துச்சுன்னா ஆறும் பொய்யாயிடுமே!" குழாய்க்காரர் குழாயை மூடினார்.

நேர்காணல் நீளமான மேஜையில் நடந்தது. தலைவர் நடுவில். இரண்டு பக்கமும் நடைப்பயிற்சி அறிஞரும் கைகழுவல் பேராசிரியரும். மேஜையின் இந்தப்புறம் குழாய்க்காரர், மடியில் பை.

"எத்தனை மாநாட்டுல கலந்துக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டார் தலைவர்.

"ஒண்ணும் இல்லீங்க."

"எழுதின கட்டுரை?"

"அதுவும் இல்லீங்க." மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். இவர் மடியில் ரென்ச்சே இருந்தது. ஆனாலும் பொய் சொல்ல மனசு வரவில்லை. "ஐயா, நான் குழாய் ரிப்பேர் பண்றவனுங்க. ஆய்வெல்லாம் தெரியாது. எங்க தெருக் குழாயைச் சரிபண்ணணும், அவ்வளவுதான்."

தலைவர் கடிதத்தை எடுத்து ஒரு முறை படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"குழு ஆய்வு வல்லுநர்னு தெளிவா போட்டிருக்கே. கீழே என் கையெழுத்தும் இருக்கு. என் கையெழுத்துக்கு மேல இருக்கறது எப்படித் தப்பா இருக்கும்? நீங்கதான் உங்களைப் பத்தி ஏதோ தப்பா நினைச்சுக்கிட்டிருக்கீங்க."

"அடக்கம்," என்றார் கைகழுவல் பேராசிரியர்.

"அடக்கமேதான்," என்று தலைவர் எழுந்தார். எழுந்தால் பேசாமல் உட்காருகிற பழக்கம் அவருக்கு இல்லை. "நோய் வந்தா குணப்படுத்த டாக்டருங்க ஆயிரம் பேர் இருக்காங்க. பாவம், ராத்திரி பகலா உழைக்கறாங்க, திட்டும் வாங்கறாங்க. காரணம் என்ன? அவங்க ஏதாவது செய்யறாங்க! இந்தக் குழு ஆறு வருஷத்துல ஒரு தப்பான ஆலோசனை சொல்லியிருக்கா? கிடையாது. நம்ம ஆலோசனையால ஒரு உயிர் போயிருக்கா? கிடையாது. ஏன், இந்தக் குழு கூடாததால யாருக்காவது நோய் வந்ததுன்னு ஒருத்தர் நிரூபிக்க முடியுமா? அதான் வருமுன் காப்பு! இதோ, பேராசிரியர் இருக்கார். எந்தப் பிரச்சினை வந்தாலும் கைகழுவறதுல அவருக்கு இணை இந்த நாட்டுலயே கிடையாது."

பேராசிரியர் நெகிழ்ந்துபோனார். குழாய்க்காரர் தேர்வானார். ஏழெட்டுத் தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். அவர் எதையும் படிக்கவில்லை, அவர்கள் படிக்கச் சொல்லவுமில்லை.

முதல் கூட்டத்துக்கு மூன்று வாரம் கழித்து நாள் குறித்தார்கள். குழாய்க்காரர் தினமும் காலையில் சாக்கடையைப் போய்ப் பார்த்தார். அப்புறம் வானத்தைப் பார்த்தார். மனைவி, "குழுவுல சேந்ததுல இருந்து இந்த மனுஷன் அண்ணாந்தே நடக்கறாரே," என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கை கழுவுற குழாயைத் துணியால் கட்டிவைத்தாள். பிள்ளைகள் அவிழ்த்தன. கயிற்றால் கட்டினாள். பல்லால் அவிழ்த்தன. அதில் முன்னால் நின்றது பேத்தி.

கூட்ட நாளன்று வானம் கறுத்துக் கிடந்தது. பதினோரு நாற்காலியிலும் பதினோரு பேர். பிரிவு அதிகாரி எண்ணிப் பார்த்துக் கண் கலங்கினார். நிகழ்ச்சி நிரலில் இரண்டே விஷயம். ஒன்று, குழுவின் பெயர்ப்பலகை. இரண்டு, குழாய்க்காரரின் தெரு.

பெயர்ப்பலகையில் 'வருமுன்' என்று எழுதுவதா 'வரும்முன்' என்று எழுதுவதா என்பதில் தொடங்கியது. ஒற்று வரும் என்றது ஒரு கட்சி. வந்தால் மரியாதை கெடும் என்றது இன்னொரு கட்சி. 'வருவதற்கு முன்' என்று போட்டுவிட்டால் சண்டையே இல்லையே என்று நடைப்பயிற்சி அறிஞர் சமாதானம் சொல்ல, இரண்டு கட்சியும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தது. தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. வருமுன்னா வரும்முன்னா என்று அவர்கள் முடிவெடுப்பதற்குள் மழை வந்துவிட்டது.

ஜன்னல் கண்ணாடியில் முதல் சொட்டு விழுந்ததைப் பார்த்ததும் குழாய்க்காரர் எழுந்துவிட்டார். "ஐயா, ரெண்டாவது விஷயத்தை எடுத்துக்குங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும். ரெண்டு வரி எழுதிக் குடுங்க, போதும். நானே போய்ச் செஞ்சுடறேன்."

தலைவர் தாளைப் புரட்டினார். "எடுத்துக்கலாமே. ஒரே ஒரு விஷயம். நீங்க அந்தத் தெருவுலயா குடியிருக்கீங்க?"

"ஆமாங்க."

"அந்தத் தண்ணியைக் குடிக்கறீங்களா?"

"வேற எதைங்க குடிக்கறது?"

தலைவர் உச்சுக்கொட்டினார். "அப்ப அந்தத் தண்ணி சுத்தமா இருக்கணும்கிறதுல உங்களுக்குச் சொந்த அக்கறை இருக்கு."

"இருக்குங்களே! பேத்தி குடிக்கிறா."

"போச்சு. சொந்த அக்கறை இருக்கற விஷயத்துல உறுப்பினர் உக்காரக்கூடாது. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கொஞ்சம் வெளிய இருங்க. அக்கறை இல்லாத நாங்க பேசி முடிவெடுத்துடறோம்."

சரி, நல்லதுதான் என்று குழாய்க்காரர் பையோடு வெளியே போய் நின்றார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பத்து பேரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னங்க, பேசலீங்களா?"

"எப்படிப் பேசறது?" என்றார் தலைவர். அவர் முகத்தில் கொஞ்சம்கூடக் கேலி இல்லை. "நீங்க போனதும் பத்து பேர் ஆயிட்டோமே. பதினோரு பேர் இல்லாம பேசக்கூடாது. நீங்க இருந்தா பேசக்கூடாது, இல்லன்னா பேசமுடியாது. நல்ல சிக்கல். ஆனா வழி இருக்கு. இந்த மாதிரி நேரத்துக்குன்னு பன்னிரண்டாவதா ஒரு உறுப்பினரை எடுத்துடலாம். அடுத்த வாரமே விளம்பரம் குடுக்கறோம்."

குழாய்க்காரர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பத்து பேருக்கு முன்னாலும் பத்து தண்ணீர் பாட்டில்கள், மூடி திறக்காமல் இருந்தன. அவருக்கு முப்பது வருஷத்தில் வராத கோபம் வந்தது.

"அம்மாடி! முப்பத்தொரு பிள்ளைங்க ஐயா!" என்றார். "வயித்தால போனா ஒரு நாள் தாங்காதுங்க, அதுங்க. நல்லா இருங்க. நீங்க எல்லாரும் நல்லா இருங்க."

நாலு மாடியும் படியில் இறங்கித் தெருவுக்கு ஓடினார்.

சாக்கடை கணுக்கால் அளவுக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு சாண் ஏறினால் இணைப்பு முழுகும். மகள் காப்பகத்தைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுக் குடையோடு வந்து நின்றாள்.

"லைசென்ஸ் போயிடும்பா," என்றாள்.

"போவட்டும். நீ போய் வால்வை மூடு."

அவள் தெருமுனைக்கு ஓடி வால்வை மூடினாள். அவர் வெள்ளைச் சட்டையோடு சாக்கடையில் இறங்கினார். விரிசல் விட்ட துண்டை அறுத்து எடுத்து, ரப்பர் வளையம் வைத்த புது இணைப்பைப் பூட்டி, ரென்ச்சில் முறுக்கினார். மகள் குடையை அவருக்குப் பிடித்தாளா மழைக்குப் பிடித்தாளா தெரியாது, இரண்டு பேரும் தொப்பலாகிவிட்டார்கள். வால்வைத் திறந்து, பிளீச்சிங் பவுடர் கரைத்துவிட்டு, தண்ணீர் தெளிகிற வரைக்கும் தெருவில் ஓடவிட்டார். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். சாக்கடையில் நின்றதால் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது.

மழை எட்டு நாள் பெய்தது. சாக்கடை நிறைந்து தெருவில் ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதுதான் வினையாகப் போயிற்று. மாதக் கடைசியில் துறையிலிருந்து ஒரே உறையில் இரண்டு தாள் வந்தது. முதலாவது, குழுவின் ஆண்டறிக்கை. பெருமழைக் காலத்திலும் குறிப்பிட்ட அந்தத் தெருவில் ஒருவருக்குக்கூட நோய் வராமல் காத்தது இக்குழுவின் முதல் சாதனை என்று போட்டிருந்தது. இரண்டாவது, குழாய்க்காரருக்கு நோட்டீஸ். அந்தத் தெருவில் எவருக்கும் எந்த நோயும் வராத நிலையில், நோய் வரும் என்று தாங்கள் சொன்னது ஆதாரமற்ற பீதி. ஆதாரமற்ற பீதியின்பேரில் துறையின் சொத்தைத் தொட்டிருக்கிறீர்கள். லைசென்ஸை ஏன் ரத்து செய்யக்கூடாது என்பதற்கு ஒரு வாரத்தில் விளக்கம் தரவும். இரண்டிலும் ஒரே தலைவரின் கையெழுத்து.

நோட்டீஸின் கடைசி வரியில் தட்டச்சர் தன் வேலையைக் காட்டியிருந்தார். பழைய தவறுக்கு யாரோ அவரைக் காய்ச்சியிருக்க வேண்டும். பயத்தில் இந்த முறை 'குழு' என்று கண்ட இடத்திலெல்லாம் 'குழாய்' என்று திருத்திவிட்டார். 'தாங்கள் உடனடியாக ஆலோசனைக் குழாயிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்.'

மனைவி அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "குழாயை விட்டு வெளிய வாங்கன்னு நான் முப்பது வருஷமா கத்தறேன். இவங்க ஆர்டராவே போட்டுட்டாங்க!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், லைசென்ஸ் என்கிற வார்த்தை நினைவுக்கு வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

குழாய்க்காரர் பையைக் குடைந்து, அடியில் மடங்கிக் கிடந்த அந்த 'படிவம் ஏழு' தாளை எடுத்தார். கருவிகளோடு கிடந்ததில் எண்ணெய்க் கறை பட்டிருந்தது. கட்டங்கள் காலியாகவே இருந்தன. அதையும், அறுத்தெடுத்த விரிசல் துண்டையும் எடுத்துக்கொண்டு காப்பகத்துக்கு நடந்தார்.

"மழைக்கு அப்புறம் எத்தனை பிள்ளைங்க லீவு போட்டுச்சு?" என்று மகளைக் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லப்பா. அதுங்க லீவு போட்டாத்தான் எனக்கு நிம்மதியாச்சே."

"அந்த வருகைப் பதிவேட்டை எடு. பேரை வரிசையா படி."

அவள் படித்தாள். பேர் கேட்டதும் ஒவ்வொரு பிள்ளையும் பழக்கதோஷத்தில் "உள்ளேன்" என்று கத்தியது. நோய் வராதவரின் பெயர் என்ற கட்டத்தில் அவர் ஒவ்வொன்றாக எழுதினார். இடம் போதாமல் பின்பக்கத்துக்குப் போனார். முப்பத்தொன்றாவதாகப் பேத்தியின் பேர் வந்தபோது பதில் இல்லை. அவள் கை கழுவுற குழாயில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். குழாய்க்காரர் அவளை அதட்டவில்லை. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்தப் பேரையும் எழுதினார்.

நோய் வராத தேதி, நேரம் என்ற கட்டத்தில் 'இந்த நிமிஷம் வரைக்கும்' என்று எழுதினார். ஆதாரம் என்ற கட்டத்தில் 'இத்துடன் உடைந்த துண்டு ஒன்று' என்று எழுதி, அதைத் தாளோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்.

கடைசியாகக் கையெழுத்து. மகள் எட்டிப் பார்த்து, "குழாய் வல்லுநர்னு போ..." என்று ஆரம்பித்து, அப்பா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவர் பேனாவை அழுத்திப் பிடித்து, எந்தத் தட்டச்சரும் பிரிக்கவோ சேர்க்கவோ முடியாதபடி கொட்டை எழுத்தில் எழுதினார்:

'இப்படிக்கு, பைப்புக்காரன்.'